மாறி எரருக்கெல்லாம் மேலே பூச்சியம் போட்டால் போதுமா?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் பிடித்தேனா என்று முதலில் பாருங்கள். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்குப் பல வருடங்களுக்கு முன் யாரோ பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்த சொப்ட்வெயார் இப்போது அக்கரைப்பற்றில் இருக்கும் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நெல் கொள்வனவு, தராசு, பில், விவசாயி கடன் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சேர்வரை பிஎச்பி 7.4-இலிருந்து 8-க்கு மாற்ற வேண்டும். அதற்கு முன், புரோகிராமை ஓட்டாமலே வாசித்துப் பிழை தேடும் பிஎச்பிஸ்டான் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தீர்கள், நானூற்றுச் சொச்சம் எரர் வந்தது. அதில் பெரும்பகுதி ‘மாறி வரையறுக்கப்படவில்லை’, ‘மாறி வரையறுக்கப்படாமல் இருக்கலாம்’ என்ற இரண்டு வகைதான் (மாறி என்றால் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர், ஆங்கிலத்தில் வேரியபிள்). கூட வேலை செய்யும் நண்பர், ‘ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலும் எல்லா மாறிக்கும் பூச்சியமோ வெறும் சரமோ (எழுத்தே இல்லாத உரை) கொடுத்துவிடு, ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்’ என்கிறார். அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

எரர் லிஸ்ட்டைக் காலியாக்குவதுதான் நோக்கம் என்றால் செய்யலாம். ஆனால் இந்த நானூறில் எது உண்மையான பிழை, எதைத் தொட்டால் ஆலையின் பில் மாறும், எதை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன். அதற்கு நண்பர் சொன்ன வழி உதவாது. சில இடங்களில் இருக்கிற பிழையை இனி யாருமே கண்டுபிடிக்க முடியாதபடி மூடியும் விடும். நான் வந்தாறுமூலையில் படித்துவிட்டு, மட்டக்களப்பில் இருந்துகொண்டு இப்படியான பழைய பிஎச்பி சொப்ட்வெயார்களைப் பராமரிக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். உங்கள் புரோகிராம் கோடை நான் பார்க்கவில்லை. ஆகவே நானூறில் எத்தனை எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது. இந்த வகைக் கோடில் வழக்கமாக என்ன இருக்கும், எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன்.

பிஎச்பி இந்த விஷயத்தில் என்ன செய்கிறது என்பது உறுதியாகத் தெரிந்தது, அதிலிருந்து தொடங்குவோம். மதிப்பே கொடுக்காத ஒரு மாறியைப் படித்தால் பிஎச்பி அதை ‘நல்’, அதாவது மதிப்பு இல்லை, என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். கணக்கில் ‘நல்’ வந்தால் அது பூச்சியம். $நிறை 1200 கிலோ இருக்கிறது, $விலை எங்குமே வைக்கப்படவில்லை என்றால், இரண்டையும் பெருக்கினால் விடை 0. சொப்ட்வெயார் நிற்காது, 0 ரூபாய் பில் அடித்துக் கொடுக்கும். பிஎச்பி 7 வரை இதற்கு ஒரு ‘நோட்டிஸ்’ மட்டும்தான் வரும், அநேகமான சேர்வர்களில் அதையும் அணைத்து வைத்திருப்பார்கள். 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0-இல் அது ‘வோர்னிங்’ ஆக உயர்ந்தது. வோர்னிங் வந்தாலும் கோட் நிற்காது. அடுத்த பெரிய பதிப்பான 9-இல் இதை முழு எரர் ஆக்கி அந்த இடத்திலேயே நிறுத்துவது என்று 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே 8-க்குப் போனவுடன் ஆலை நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: உங்கள் சொப்ட்வெயார் வோர்னிங்கையெல்லாம் எக்ஸெப்ஷனாக (யாரும் பிடிக்காவிட்டால் கோடை நிறுத்திவிடும் பிழையாக) மாற்றும் ஏதாவது ஃபிரேம்வொர்க்கிலோ சொந்த எரர் ஹேண்ட்லரிலோ ஓடினால் நிற்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதனால் மாறத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை.

அடுத்து அந்த இரண்டு வகை எரர். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு. ‘வரையறுக்கப்படவில்லை’ என்றால், கோட் எந்த வழியாகப் போனாலும் அந்த இடத்துக்கு வரும்போது அந்த மாறிக்கு மதிப்பு இல்லை என்று கருவி உறுதியாகச் சொல்கிறது. பிஎச்பிஸ்டானில் எவ்வளவு கடுமையாகத் தேடுவது என்பதற்கு லெவல்கள் உண்டு, இது மிகக் குறைந்த லெவல் 0-இலேயே வரும். ‘வரையறுக்கப்படாமல் இருக்கலாம்’ என்றால், சில வழிகளில் மதிப்பு வருகிறது, ஒரு வழியிலாவது வரவில்லை. இது லெவல் 1-இலிருந்து வரும். எந்த லெவலில் ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாம் வகை வந்திருப்பதால் குறைந்தது 1. ஒருமுறை லெவல் 0-க்கு இறக்கி ஓட்டுங்கள். லிஸ்ட் பாதிக்கும் கீழே வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மிஞ்சி நிற்பவைதான் முதலில் கை வைக்க வேண்டியவை.

உறுதியான வகையில் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் இருக்கும். எழுத்துப் பிழை ஒன்று. பிஎச்பியில் ஃபங்ஷன் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, ஆனால் மாறிப் பெயரில் உண்டு. இதில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். இரண்டாவது, யாரோ ஒரு மாறியின் பெயரை மாற்றியிருப்பார்கள், நாலு இடத்தில் மாற்றி ஐந்தாவதை விட்டிருப்பார்கள். மூன்றாவது, ஃபங்ஷனுக்கு வெளியே வைத்த மாறியை உள்ளே அப்படியே படிக்கப் பார்ப்பது. பிஎச்பியில் ஃபங்ஷனுக்குள் வெளி மாறி தெரியாது, ‘குளோபல்’ என்று சொல்லியோ பராமீட்டராகக் கொடுத்தோதான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதும் பெயரில்லா ஃபங்ஷனும் அப்படித்தான், ‘யூஸ்’ போட்டுச் சொன்னால்தான் வெளி மாறியைக் காணும். 7.4-இல் வந்த அம்புக்குறி ஃபங்ஷன் மட்டும் தானாகவே எடுத்துக்கொள்ளும். இந்த மூன்றிலும் திருத்தம் வெளிப்படையானது: சரியான பெயரைப் போடுவது, இல்லையென்றால் மதிப்பைச் சரியான வழியில் உள்ளே கொடுப்பது. இங்கே மேலே பூச்சியம் போட்டீர்கள் என்றால், பெயர் பிழைத்த மாறிக்கு ஒரு பொய்யான மதிப்பைக் கொடுத்து, சரியான மதிப்பு பக்கத்தில் சும்மா கிடக்க விடுகிறீர்கள். கருவி உங்களுக்குக் காட்டிக்கொடுத்த சுலபமான பிழையை நீங்களே புதைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் வகையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆலை உதாரணமாகவே சொல்கிறேன். (மாறிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். பிஎச்பி இதை ஏற்றுக்கொள்ளும், ஓடவும் ஓடும்.) ஒரு ஃபங்ஷன், நெல்லின் வகையைப் பார்த்து விலை வைக்கிறது: நாட்டு நெல் என்றால் ஒரு விலை, சம்பா என்றால் இன்னொரு விலை. அவ்வளவுதான், ‘இரண்டுமில்லை என்றால்’ என்ற பகுதி இல்லை. எழுதியபோது இரண்டு வகைதான் எடுத்திருப்பார்கள். பிறகு யாரோ என்ட்ரி பக்கத்தின் லிஸ்ட்டில் கீரிச்சம்பாவைச் சேர்த்திருக்கிறார்கள், இந்த ஃபங்ஷனைத் தொடவில்லை. இப்போது கீரிச்சம்பா வந்தால் $விலை என்ற மாறியே இல்லை, பில் பூச்சியம். பிஎச்பிஸ்டான் ‘$விலை வரையறுக்கப்படாமல் இருக்கலாம்’ என்று சொன்னது இதைத்தான். நண்பர் சொன்னபடி மேலே $விலை = 0 போட்டால் என்ன ஆகும்? பில் முன்பு போலவே பூச்சியம்தான். ஒரே மாற்றம், கருவியும் இனிப் பேசாது, பிஎச்பி 8-இன் வோர்னிங்கும் வராது.

இப்படி ஓர் இடம் வந்தால் நான் கோடை விட்டுவிட்டு ஆலைக்காரரிடம்தான் போவேன். வேறொரு ஆலையில் இதையே கேட்டபோது ஆலைக்கார ஹாஜியார் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது: ‘விலை பேசாத நெல்லுக்கு பில் அடிக்கப்படாது தம்பி, தராசுலயே நிப்பாட்டணும்.’ அதுதான் திருத்தம். தெரியாத வகை வந்தால் ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எறிய வேண்டும், தராசில் இருக்கும் பிள்ளைக்கு ‘இந்த வகைக்கு விலை வைக்கப்படவில்லை’ என்று தமிழில் ஒரு செய்தி தெரிய வேண்டும், பதிவு சேமிக்கப்படக் கூடாது. ‘ஸ்விட்ச்’ போட்டிருந்தால் ‘டிஃபோல்ட்’ பகுதியில் எறியுங்கள். பிஎச்பி 8-க்குப் போன பிறகு இப்படியான இடங்களை ‘மெட்ச்’ ஆக மாற்றலாம். எந்தக் கிளையிலும் பொருந்தாவிட்டால் அது தானே எரர் எறிந்துவிடும், மறந்துபோவதற்கு இடமில்லை. 7.4-இல் ‘மெட்ச்’ கிடையாது. அதனால் இப்போது ‘ஸ்விட்ச்’ வழியிலேயே திருத்துங்கள், திருத்தியது இரண்டு பதிப்பிலும் ஓடும்.

இனி நான் சொல்லப்போவது, நண்பரின் வழி ஏன் ஆபத்து என்பதற்கு மிகத் தெளிவான இடம். பழைய கோடில் லூப்புக்குள் இது அடிக்கடி இருக்கும், தயவுசெய்து இதை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். அன்றைய கொள்வனவு அறிக்கை. விவசாயி ஒவ்வொருவராக ஒரு ‘ஃபோரீச்’ போகிறது. உலர்ந்த நெல்லுக்கு 14 சதவீதம்தான் வழக்கமான ஈரப்பத எல்லை. அதற்கு மேல் இருந்தால் $கழிவு என்று எத்தனை கிலோ கழிப்பது எனக் கணக்குப் போடுகிறது. அதன் பிறகு, ‘இஃப்’-க்கு வெளியே, $நிகரம் = $நிறை − $கழிவு. உலர்ந்த நெல்லுக்கு $கழிவு என்னவென்று எங்கும் சொல்லவில்லை. இப்போது மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவரின் நெல் உலர்ந்தது: $கழிவு இல்லை, ‘நல்’, கழிப்பது பூச்சியம், தற்செயலாகக் கணக்கு சரி. இரண்டாமவரின் நெல் ஈரம்: 38 கிலோ கழிவு, அதுவும் சரி. மூன்றாமவரின் நெல் உலர்ந்தது. ‘இஃப்’-க்குள் போகவில்லை. ஆனால் பிஎச்பியில் லூப்பின் ஒரு சுற்று முடிந்தால் அதற்குள் வைத்த மாறி அழியாது, ஃபங்ஷன் முடியும் வரை இருக்கும். $கழிவு இன்னும் 38. மூன்றாமவரின் நல்ல நெல்லிலிருந்தும் 38 கிலோ போய்விட்டது. அவருக்கு அடுத்து ஈர நெல்லோடு ஒருவர் வரும் வரை எல்லாருக்கும் அதே 38 போகும்.

இதில் மோசமானது, ஓடும்போது பிஎச்பி இதைச் சொல்லவே சொல்லாது. மாறி இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது, அது பக்கத்து ஆளின் மதிப்பு என்று பிஎச்பிக்குத் தெரியாது. வோர்னிங் வருவதென்றால், அன்று முதல் ஈர நெல் வருவதற்கு முன் உலர்ந்த நெல் கொண்டு வந்தவர்களுக்கு மட்டும்தான். அன்று முதலில் வந்தவரின் நெல் ஈரம் என்றால் நாள் முழுக்க ஒரு வோர்னிங்கும் வராது. லொக் ஃபைலைப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிப்பது மிகவும் கஷ்டம். கோடை ஓட்டாமல், எழுதியபடியே வாசித்து, எந்த எந்த வழியால் போகலாம் என்று பார்க்கிற கருவிதான் இதைப் பிடிக்கும். பிஎச்பிஸ்டான் ‘$கழிவு வரையறுக்கப்படாமல் இருக்கலாம்’ என்று அந்த வரியைக் காட்டும். இப்போது ஃபங்ஷன் தலையில், லூப்புக்கு மேலே, $கழிவு = 0 என்று போடுங்கள். கருவியின் பார்வையில் மாறி எல்லா வழியிலும் இருக்கிறது, எரர் போய்விட்டது. மூன்றாமவரின் 38 கிலோவும் போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே ஆளையும் நீங்கள் வாயடைத்துவிட்டீர்கள்.

இதற்குத் திருத்தம் அதே ஒரு வரிதான், இடம் மட்டும் வேறு. லூப்புக்குள்ளே, ‘இஃப்’-க்கு முன்னால் $கழிவு = 0 வர வேண்டும், அல்லது ‘எல்ஸ்’ பகுதியில் வர வேண்டும். எனக்கு ‘எல்ஸ்’ பிடிக்கும். உலர்ந்த நெல்லுக்குக் கழிவு இல்லை என்பது ஆலையின் விதி, அது கோடில் விதியாகவே எழுதப்பட்டு இருக்கட்டும். இங்கே பூச்சியம் சரி, விலை உதாரணத்தில் அதே பூச்சியம் பிழை. இரண்டுக்கும் கருவி ஒரே வாசகத்தைத்தான் காட்டியது. மதிப்பு வராத வழியில் கோட் போனால் ஆலையில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டு, அதற்குக் கிடைக்கும் பதிலைத்தான் எழுத வேண்டும். அந்தப் பதில் சில இடத்தில் பூச்சியமாக இருக்கும், சில இடத்தில் நிறுத்துவதாக இருக்கும், சில இடத்தில் அந்த வழியே வரக் கூடாது என்பதாக இருக்கும்.

எக்ஸெப்ஷன் வந்தால் பிடித்துக்கொள்ளும் ‘ட்ரை’, ‘கேட்ச்’ உள்ள இடங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். டேட்டாபேஸிலிருந்து விவசாயியின் கடன் பாக்கியை எடுப்பது ‘ட்ரை’-க்குள் இருக்கும், ‘கேட்ச்’-இல் லொக் எழுதிவிட்டுச் சும்மா மேலே போக விட்டிருப்பார்கள், கீழே $பாக்கி பயன்படும். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் விழுந்தால் கடன் பூச்சியம் என்று அச்சாகும். அங்கே மேலே பூச்சியம் வைப்பதைவிட, ‘கேட்ச்’-இலேயே திரும்பிவிடுவதோ எக்ஸெப்ஷனை மறுபடி எறிவதோதான் சரி. அப்படிச் செய்தால் கருவியும் தானாக அமைதியாகும். பிழை வழி கீழே வரவே வராது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

சரி, இதுவரை சொன்னவை உண்மையான பிழைகள். உங்கள் நானூறில் கணிசமான பகுதி இப்படி இருக்காது என்பது என் ஊகம். பழைய பிஎச்பியில் பக்கங்கள், ஒரு ஃபைலுக்குள் இன்னொன்றைச் சேர்க்கும் ‘இன்க்லூட்’ போட்டுத்தான் ஒட்டப்பட்டிருக்கும்: ஒரு ஃபைல் $பில், $விவசாயி என்று மாறிகளை வைத்துவிட்டு, அச்சுப் பக்கத்தை ‘இன்க்லூட்’ செய்யும். பிஎச்பிஸ்டான் அந்த அச்சுப் பக்கத்தைத் தனியாக வாசிக்கும்போது அந்த மாறிகள் எங்கிருந்து வருகின்றன என்று அதற்குத் தெரியாது. ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் கோடில் எந்த மாறியும் வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஆகவே அது ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘இல்லாமல் இருக்கலாம்’ என்றுதான் சொல்லும். ஓர் அணியில் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலில்) உள்ளவற்றை மாறிகளாக்கும் ‘எக்ஸ்ட்ராக்ட்’ பயன்படுத்திய ஃபங்ஷனிலும் அதே நிலைதான், அதற்குப் பிறகு எந்தப் பெயரில் மாறி முளைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் லிஸ்ட்டை ஃபைல் வாரியாக எண்ணிப் பாருங்கள். அச்சுப் பக்கம், தலைப்பகுதி, மெனு போன்ற ஃபைல்களில் குவியலாக இருந்தால் அவை இந்த வகை.

அவற்றுக்கு இரண்டு வழி உண்டு. சுலபமானது, அந்த ஃபைலின் தலையில் ‘@வார்’ குறிப்புரை எழுதுவது: இந்தப் பக்கத்துக்கு $பில் என்ற மாறி வரும், அது இந்த வகை என்று. கருவி அதை நம்பிக்கொள்ளும். அடுத்து வருகிற ஆளுக்கும் அந்தப் பக்கம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரியும். ஆனால் கவனம், கருவி அதைச் சரிபார்க்காது. நீங்கள் எழுதியது பொய் என்றால் பொய்யையே நம்பும். ஆகவே அந்தப் பக்கத்தை ‘இன்க்லூட்’ செய்கிற எல்லா இடத்தையும் தேடிப் பார்த்து, அங்கெல்லாம் அந்த மாறி உண்மையில் வைக்கப்படுகிறதா என்று கண்ணால் கண்ட பிறகு எழுதுங்கள். நல்ல வழி, அச்சுப் பக்கத்தை பராமீட்டர் வாங்கும் ஒரு ஃபங்ஷனாக மாற்றுவது. அப்போது எதைக் கொடுக்கவில்லையோ அதைக் கருவியே பிடித்துவிடும். பில் பக்கத்துக்கு மட்டும் இப்போதே இதைச் செய்யச் சொல்வேன், மற்றவை காத்திருக்கலாம்.

இன்னொரு வகையும் வரும்: மேலே ஒரு ‘இஃப்’-இல் மாறி வைக்கப்படும், இருபது வரி தள்ளி அதே நிபந்தனையுள்ள இன்னொரு ‘இஃப்’-இல் அது பயன்படும். மனிதன் பார்த்தால் பிரச்சினை இல்லை. நிபந்தனை எளிதாக இருந்தால் பிஎச்பிஸ்டானும் விளங்கிக்கொள்ளும், நடுவில் ஃபங்ஷன் கோல் வந்துவிட்டால் குழம்பும். இதைப் பொய் எரர் என்று ஒதுக்காமல், முடிந்தால் இரண்டு ‘இஃப்’-ஐயும் ஒன்றாக்குங்கள். கருவிக்கு விளங்காத இடம் ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் விளங்காது.

எல்லாவற்றையும் பிழையில்லாமல் பிரித்துச் சொல்லும் கருவி ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். வேறு கருவி வாங்கினால் சரியாகும் விஷயம் அல்ல இது. ஒரு புரோகிராம் ஓடினால் என்ன செய்யும் என்பதை, எந்தப் புரோகிராம் கொடுத்தாலும் தவறாமல் முன்கூட்டியே சொல்லும் பொதுவான முறை இருக்க முடியாது என்று கணிதவியலாளர்கள் டூரிங் 1936-இலும், அதை விரித்து ரைஸ் 1953-இலும் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். ஆகவே 1978-இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதிய ‘லின்ட்’ என்ற பிழை தேடும் கருவி தொடங்கி இன்றைய கருவிகள் வரை எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும்: இல்லாத பிழையைச் சிலசமயம் சொல்லும், அல்லது இருக்கிற பிழையைச் சிலசமயம் விடும். ஜாவா இந்தச் சிக்கலை மொழியிலேயே தீர்த்துக்கொண்டது. ஃபங்ஷனுக்குள் உள்ள மாறிக்கு எல்லா வழியிலும் மதிப்பு வருகிறது என்று கொம்பைலருக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் கொம்பைல் ஆகாது, உங்களுக்குத்தான் தெரியும் என்று வாதாட முடியாது. பிஎச்பி அந்த வேலையை நம்மிடம் விட்டுவிட்டது.

பைதன், ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் இந்தப் பதிலைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வார்த்தை. பைதனில் ஒரு ஃபங்ஷனுக்குள் எங்காவது ஓரிடத்தில் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால், அந்த ஃபங்ஷன் முழுக்க அது உள் மாறி. வெளியில் அதே பெயர் இருந்தாலும், கொடுப்பதற்கு முன் படித்தால் எரர். பைதன் 3-இல் ‘எக்செப்ட்’ பகுதியில் பிடித்த எக்ஸெப்ஷனின் பெயர் அந்தப் பகுதி முடிந்தவுடன் அழிக்கப்பட்டுவிடும், கீழே தேடினால் கிடைக்காது. பைதனுக்கான பைலின்ட் கருவி இவற்றைச் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் இஎஸ்லின்ட் என்ற கருவி காட்டும் ‘வரையறுக்கப்படாத பெயர்’ எரரில் பல, வேறு ஸ்கிரிப்டிலிருந்து வரும் பெயர்கள்தான். அவற்றைக் கொன்ஃபிக்கில் குளோபல் என்று அறிவித்துவிடுங்கள், மீதியைப் பாருங்கள்.

இனி எந்த ஒழுங்கில் செய்வது. பிஎச்பிஸ்டானில் ‘பேஸ்லைன்’ என்று ஒரு வசதி உண்டு. இன்றுள்ள எரரையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி ஒதுக்கிவைத்துவிட்டு, இனி புதிதாக வருவதை மட்டும் காட்டும். பழைய கடனைத் தனிக் கொப்பியில் எழுதிவிட்டு இன்றிலிருந்து ரொக்கம் என்பது போல. முதலில் லெவல் 0 எரரையெல்லாம் உண்மையாகவே திருத்துங்கள். அடுத்து லெவல் 1-இல் பேஸ்லைன் எடுங்கள். அதன் பிறகு காசு தொடும் ஃபைல்களை மட்டும் எடுத்து, அதாவது விலை, கழிவு, கடன், பில், பேஸ்லைனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கித் திருத்துங்கள். மெனுவும் தலைப்பகுதியும் பேஸ்லைனிலேயே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. பிஎச்பிஸ்டான் 2 ஓடுவதற்கு 7.4 போதும், எனவே சேர்வரை மாற்றுமுன்பே இதையெல்லாம் செய்யலாம். கொன்ஃபிக்கில் பிஎச்பி பதிப்பை 8 என்று கொடுத்தால், 8-இல் ஓடப்போகும் கோடாகவே நினைத்து ஆராயும்.

‘@’ குறியை வரிக்கு முன்னால் போட்டு வோர்னிங்கை அமுக்குவதையும், இரட்டைக் கேள்விக்குறியால் எல்லா இடத்திலும் ‘இல்லையென்றால் பூச்சியம்’ என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். அவை நண்பர் சொன்ன வழியின் வேறு உருவங்கள்தான். மாறி இருக்கிறதா என்று பார்க்கும் ‘இஸ்செட்’-உம் அப்படித்தான், மாறி உண்மையிலேயே சிலசமயம் இருக்காது என்பது அந்த ஃபங்ஷனின் வேலையாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

திருத்திய பிறகு பில் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆலையில் ஏற்ற வேண்டாம். போன பெரும்போகத்தின் கொள்வனவுப் பதிவுகளை ஒரு பிரதியில் எடுத்து, பழைய கோடிலும் புதிய கோடிலும் ஓட்டி, பில் தொகைகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாத வரிகளை நீங்களாகவே ‘இப்போதுதான் சரி’ என்று முடிவெடுக்காமல், ஆலைக்காரரிடம் காட்டுங்கள். மேலே சொன்ன கழிவுப் பிழை உங்கள் கோடிலும் இருந்தால் சில விவசாயிகளுக்குக் காசு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்ல வேண்டியவர் அவர். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு நடக்கும்போது, தராசில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது, இதை ஏற்றாதீர்கள். வெட்டுக்கு முன் ஏற்றி ஒரு வாரமாவது ஓட விடுங்கள், இல்லையென்றால் வெட்டு முடிய ஏற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த எரர்கள் பூச்சியத்துக்கு வந்தாலும், அணிக்குள் இல்லாத சாவியை (மதிப்புக்கு இட்ட பெயரை) படிக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த லெவல்கள் காட்டாது. என்ட்ரி பக்கத்திலிருந்து வரும் $_போஸ்ட் அணியில் ‘ஈரப்பதம்’ என்ற சாவி இல்லாவிட்டால் அதுவும் ‘நல்’தான், அதுவும் கணக்கில் பூச்சியம்தான், அந்த விவசாயியின் நெல் உலர்ந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். பிஎச்பி 8-இல் இதற்கும் வோர்னிங் வரும். ஆகவே மாறிய முதல் சில நாட்களுக்கு வோர்னிங்கைத் திரையில் காட்டாமல் லொக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் அதை வாசியுங்கள். விலை வைக்கும் ஃபங்ஷனையோ கழிவு போடும் லூப்பையோ, ஆலைப் பெயரும் விவசாயி பெயர்களும் நீக்கி இங்கே போட்டீர்கள் என்றால் பார்த்துச் சொல்கிறேன்.